கடினம் வேறு, எரிச்சல் வேறு: வீடியோ கேம்கள் நம் நேரத்தைத் தின்பது எப்படி?

2025 செப்டம்பர் 4 அன்று ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ வெளியானது. 2019-இல் அறிவித்து, ஆறு ஆண்டுகளுக்கு மேல் ரசிகர்களைக் காக்கவைத்த கேம் அது. வெளியான நிமிடத்தில் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகள் கூட்டம் தாங்காமல் திணறின. அடுத்த சில நாட்களிலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. ஆரம்பத்தில் இருப்பதே ஐந்து உயிர்ப் புள்ளிகள். பல எதிரிகளின் ஓர் அடிக்கே அதில் இரண்டு போய்விடும். ஆட்டத்தைச் சேமிக்கும் பெஞ்சுகள் சிலவற்றில் உட்காரவே காசு கட்ட வேண்டும். தோற்றால் பெரிய எதிரி இருக்கும் அறைக்கு மறுபடியும் நெடுந்தூரம் ஓடிப் போக வேண்டும். “கடினமான கேம் என்றால் இப்படித்தான் இருக்கும்” என்றது ஒரு தரப்பு. “இது கடினம் இல்லை, வெறும் எரிச்சல்” என்றது மறுதரப்பு. தயாரிப்பாளரான டீம் செர்ரி, முதல் அப்டேட்டிலேயே தொடக்கக்கட்ட எதிரிகள் இருவரைச் சற்றுத் தளர்த்தி, சில பெஞ்சுகளின் கட்டணத்தையும் குறைத்தது.

புதிதாக ஒரு கேம் வரும்போதெல்லாம் இந்தச் சண்டை திரும்ப வருகிறது. இரு தரப்பும் பெரும்பாலும் வெவ்வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுவதால்தான் அது தீர்வதில்லை. அடிப்படையிலிருந்து பிரித்துப் பார்ப்போம்.

## தோல்விக்கு என்ன விலை?

எந்த ஆட்டத்திலும் ஒரு சுழற்சி உண்டு: முயற்சி, தோல்வி, பாடம், மறுமுயற்சி. தோல்வி வருவது குறை இல்லை. தோற்கவே முடியாத ஆட்டத்தில் ஜெயிப்பதற்கும் எதுவும் இருக்காது. பார்க்க வேண்டியது, ஒரு முறை தோற்றதற்கு நம்மிடமிருந்து எதை வசூலிக்கிறார்கள் என்பதை. மூன்றில் ஒன்றுதான் பொதுவாகப் போகும்:

1. கவனம். எங்கே தப்பு செய்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும். இது நியாயமான விலை.
2. நேரம். ஏற்கெனவே தெரிந்த, எந்தப் பாடமும் இல்லாத ஒன்றைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.
3. பணம்.

2018-இல் வந்த ‘செலஸ்ட்’ மலையேறும் பெண்ணைப் பற்றிய கேம். ஒவ்வொரு திரையும் ஒரு சோதனை. கீழே விழுந்தால் கண் சிமிட்டுவதற்குள் அதே திரையின் தொடக்கத்தில் நிற்போம். கதையை முடிப்பதற்குள் ஆயிரம் தடவைக்கு மேல் செத்தவர்கள் ஏராளம். ஆனாலும் அதை எரிச்சலூட்டும் கேம் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. விழுந்ததற்கான விலையை முழுக்கக் கவனமாகவே வாங்கிக்கொள்கிறது. அப்படியும் முடியாதவர்களுக்கு ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும், அடியே படாமல் ஆடவும் உதவி அமைப்பு ஒன்று உள்ளே இருக்கிறது.

இதற்கு நேர் எதிர், ‘பாஸ்’ எனப்படும் பெரிய எதிரியிடம் தோற்றபின் அவரிடம் திரும்பிப் போகும் ஓட்டம். 2011-இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ இதற்குப் பேர் போனது. சண்டை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அங்கே போய்ச் சேர இரண்டு நிமிடம் பிடிக்கும். அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022-இல் ‘எல்டன் ரிங்’ செய்தபோது, பல பாஸ்களின் வாசலுக்கு அருகிலேயே செத்தால் மறுபடி எழுந்து நிற்க ஒரு சிலையை வைத்தது. பாஸ்கள் முன்பைவிடக் கொடூரமாகத்தான் இருந்தார்கள். குறைந்தது ஓட்டம் மட்டும்தான். கடினத்தையும் நேர விரயத்தையும் தனித்தனியே கழற்றி எடுக்க முடியும் என்பதற்கு அந்த நிறுவனமே சாட்சி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வசதிக் குறைவு எல்லாமே தவறு இல்லை. 1996-இன் முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ திகில் கேமில் சேமிக்க வேண்டுமானால் தட்டச்சு இயந்திரம் இருக்கும் அறைக்குப் போக வேண்டும், கையில் மை ரிப்பனும் இருக்க வேண்டும். ரிப்பன்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டவை. “இப்போது சேமிக்கவா, இன்னும் இரண்டு அறை தாண்டிப் பார்க்கவா” என்ற தயக்கம்தான் அந்தக் கேமின் பயமே. தேவையான பதற்றத்தை அந்தக் கட்டுப்பாடு உண்டாக்கியது, அதனால் அது வடிவமைப்பு. கதைக்கும் ஆட்டத்துக்கும் ஒன்றும் சேர்க்காத இடத்தில் அதே கட்டுப்பாட்டை வைத்தால் அது வெறும் இடைஞ்சல்.

## வாடகைக் கடைக்குப் பயந்த கேம்கள்

நேரத்தைத் தின்னும் பழக்கம் எங்கிருந்து வந்தது? நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களிலிருந்து. ஆள் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். கேம் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. கூடவே புதிதாக ஒரு காரணமும் சேர்ந்தது: வாடகை. வாடகைக்கு எடுத்த ஓரிரு நாளில் முடித்துவிட்டால் கேமை வாங்க யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவில் கேம் கார்ட்ரிட்ஜ்களை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லும். ஜப்பானில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் விட முடியாது. 1991-இன் ‘நிஞ்சா கைடன் 3’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பதிப்பில் எத்தனை முறை தோற்றாலும் தொடரலாம், பாஸ்வேர்டு குறித்துவைத்து மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். அமெரிக்கப் பதிப்பில் ஐந்து முறைதான் தொடர முடியும், பாஸ்வேர்டும் கிடையாது. 1994-இன் ‘தி லயன் கிங்’ கேமின் இரண்டாம் லெவல் இன்றும் பலருக்குக் கெட்ட கனவு. வாடகைக்கு எடுப்பவர் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்று டிஸ்னி கேட்டதால்தான் அதைக் கடினமாக்கினோம் என்று அதைத் தயாரித்த வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயிஸ் காசில் பிற்பாடு சொன்னார்.

ஆக, வியாபாரக் கணக்கு லெவலுக்குள் புகுந்து உட்காருவது இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை.

## இரும்புக் காலணி

யாருக்கும் லாபம் இல்லாமல், கவனக்குறைவால் மட்டுமே வரும் எரிச்சலும் உண்டு. இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம், 1998-இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த ‘செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்’ கேமின் நீர்க் கோவில். தண்ணீருக்கு அடியில் நடக்க இரும்புக் காலணி வேண்டும், மேலே மிதக்க அதைக் கழற்ற வேண்டும். ஒரு முறை மாட்ட என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள்: ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மெனு விரியும்வரை காத்திருக்க வேண்டும். உடைமைகள் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். கர்சரைக் காலணிக்கு நகர்த்த வேண்டும். தேர்ந்தெடுக்க வேண்டும். மெனு மூடும்வரை மறுபடி காத்திருக்க வேண்டும். சில நொடிகள்தான் ஆகும். பத்தடி ஏறினால் கழற்றுவதற்கு மறுபடி முதலிலிருந்து அத்தனையும். கோவிலை முடிப்பதற்குள் இதைப் பல பத்துத் தடவை செய்ய வேண்டும்.

புதிரில் குறை இல்லை. நீர்மட்டத்தை மூன்று உயரங்களுக்கு மாற்றி மாற்றி வழி கண்டுபிடிக்கும் அழகான புதிர் அது. கெடுத்தது அந்தச் சில நொடிகள். மெனுவைத் தனியாகச் சோதிப்பவருக்கு அது பெரிதாகவே தெரியாது, நூறால் பெருக்கினால்தான் வலி தெரியும். பொறுப்பில் இருந்த எய்ஜி அவோனுமா, காலணி மாட்டுவதை அவ்வளவு சிரமமாக்கியதற்கு வருத்தம் தெரிவித்தார். 2011-இல் 3டிஎஸ் கருவிக்கு மறுபதிப்பு வந்தபோது காலணியை ஒரே தட்டலில் மாட்டும்படி மாற்றினார்கள். புதிர் அப்படியே இருந்தது, கோபம் போய்விட்டது.

அதே 2011-இல் வந்த இன்னொரு செல்டா கேமான ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்டு’ வேறு விதத்தில் படுத்தியது. ஏற்கெனவே எடுத்துப் பழகிய பூச்சியையோ இறகையோ மறுநாள் கேமைப் போட்டு எடுத்தால், அது என்ன என்று முதல்முறைபோலவே நிறுத்தி விளக்கும். 2021-இன் மறுபதிப்பில் அதையும் சரிசெய்தார்கள். சரி, நல்ல விஷயம். ஆனால் அதே மறுபதிப்பில் தரையில் எங்கிருந்து வேண்டுமானாலும் வானத்துக்குத் தாவும் வசதியைச் சேர்த்து, அதைத் தனியாக விற்ற ஒரு பொம்மைக்குள் பூட்டினார்கள். பொம்மை சுமார் 25 டாலர். வாங்காதவர்கள் சேமிப்புச் சிலை இருக்கும் இடம்வரை நடக்க வேண்டும். கவனக்குறைவு முடிந்து வியாபாரம் தொடங்கும் கோடு இந்த இடத்தில் நன்றாகத் தெரிகிறது.

## லிஃப்டும் 198 கோடி ஒப்பீடுகளும்

சில எரிச்சல்களுக்குக் காரணம் இயந்திரம். 2007-இன் ‘மாஸ் எஃபெக்ட்’ கேமில் லிஃப்டுகள் ஆமை வேகத்தில் போகும். அடுத்த இடத்தின் தகவல்கள் டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு ஏறும்வரை நம்மைப் பேச்சில் வைத்திருக்கும் ஏற்பாடு அது. வேறு பல கேம்களில் நாயகன் குறுகிய பிளவுக்குள் உடலை நுழைத்து மெதுவாகப் போகும் காட்சிகளும் பெரும்பாலும் இதே வேலைக்குத்தான். 2021-இன் மறுபதிப்பில் லிஃப்ட் பயணத்தைத் தாண்டிவிட முடிந்தது. தேவை தீர்ந்தது, தடையும் போனது.

எல்லாக் காத்திருப்பும் இப்படி நியாயமானது இல்லை. ‘ஜிடிஏ ஆன்லைன்’ 2013-இல் தொடங்கியது. கணினியில் அதற்குள் நுழையப் பல நிமிடங்கள் ஆகும். பெரிய உலகம், நிறைய சர்வர்கள், அதனால் இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2021 பிப்ரவரியில் ஓர் ஆட்டக்காரர் காரணத்தைத் தானே தோண்டி எடுத்தார். கேமுக்குள் இருக்கும் கடையின் பொருள் பட்டியல் சுமார் 10 மெகாபைட், அதில் ஏறத்தாழ 63,000 பொருட்கள். அதைப் படிக்கும் நிரல், ஒவ்வொரு சிறு மதிப்பை எடுக்கும்போதும் மிச்சமுள்ள மொத்தப் பட்டியலின் நீளத்தையும் முதலிலிருந்து அளந்தது. மளிகைச் சீட்டில் ஒவ்வொரு வரியைப் படிக்கும் முன்பும் மிச்ச எழுத்துகளை எண்ணிப் பார்ப்பது மாதிரி. அப்புறம் ஒவ்வொரு பொருளையும், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று, முன்பு சேர்த்த எல்லாப் பொருட்களோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. 63,000 பொருட்களுக்கு இப்படிக் கூட்டினால் சுமார் 198 கோடி ஒப்பீடுகள் வரும். இரண்டையும் அவர் திருத்தியதும், அவருடைய கணினியில் ஆறு நிமிடம் எடுத்த லோடிங் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமே அப்டேட்டில் சேர்த்து, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

பல வருடம் ஏராளமானோர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆட்டக்காரரின் நேரத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

## எரிச்சலை உண்டாக்கி மருந்தை விற்றால்

கேமுக்குள் எரிச்சலை நீக்கும் பொருளை விற்கத் தொடங்கியதும் நிலைமை அடியோடு மாறுகிறது. அதுவரை எரிச்சல் தயாரிப்பாளருக்கு நஷ்டம். இனி வருமானம்.

எளிய வடிவம் 2012-இன் ‘கேண்டி க்ரஷ் சாகா’. ஐந்து உயிர்கள். தோற்றால் ஒன்று போகும். ஒவ்வொன்றும் திரும்ப வர 30 நிமிடம், ஐந்தும் வர இரண்டரை மணி நேரம். காத்திருக்க மனமில்லையா, பணம் கொடு அல்லது நண்பரிடம் கேள். கேமே இலவசம் என்பதால் இதையாவது ஒரு பேரமாக எடுத்துக்கொள்ளலாம். முழு விலை கொடுத்து வாங்கிய கேமிலும் இதே பேரம் வந்தபோதுதான் வெடித்தது.

2017 நவம்பரில் ஈஏ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ கேமின் விலை 60 டாலர். அதில் எரிச்சல் எப்படிப் படிப்படியாகக் கட்டப்பட்டது என்று பாருங்கள்:

1. டார்த் வேடர், லூக் ஸ்கைவாக்கர் போன்ற முக்கியப் பாத்திரங்கள் பூட்டப்பட்டிருந்தன. ஒருவரைத் திறக்க, கேமுக்குள் ஆடிச் சம்பாதிக்கும் நாணயமான கிரெடிட் 60,000 வேண்டும். சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஓர் ஆட்டக்காரர் கணக்குப் போட்டார்.
2. கிரெடிட், நன்றாக ஆடினோமா என்பதைவிட எவ்வளவு நேரம் ஆடினோம் என்பதைப் பொறுத்தே வந்தது. கன்ட்ரோலரில் ரப்பர் பேண்டு மாட்டிப் பாத்திரத்தைச் சும்மா சுற்றவிட்டுக் கிரெடிட் சேர்த்தவர்கள் இருந்தார்கள்.
3. தனியாக ஆடும் ஆர்கேட் பகுதியில், ஓரளவு கிரெடிட் சேர்ந்ததும் சில மணி நேரம் பொறுக்கச் சொன்னது.
4. சண்டையில் பலம் தரும் கார்டுகள் லூட் பாக்ஸ்களில் இருந்தன. அவற்றைக் காசு கொடுத்தும் வாங்கலாம்.

லூட் பாக்ஸ் என்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கித் திறக்கும் பெட்டி. நமக்கு வேண்டியது கிடைக்குமா என்பது முழுக்க அதிர்ஷ்டம். முதல் மூன்று படிகளையும் தனித்தனியே பார்த்தால் மெத்தனமான வடிவமைப்பு என்று விட்டுவிடலாம். நான்காவதோடு சேர்த்துப் பார்த்தால்தான் மெத்தனமாக இருந்ததன் பயன் புரிகிறது.

பூட்டு ஏன் என்று கேட்டவர்களுக்கு, திறந்து பெறும்போது பெருமிதமும் சாதித்த உணர்வும் வரும் என்ற பொருளில் ரெட்டிட் தளத்தில் நிறுவனம் பதில் எழுதியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் விழுந்து அது கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. விலை 15,000 கிரெடிட்டாகக் குறைந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள், காசு கொடுத்து வாங்கும் வசதியே நிறுத்தப்பட்டது. 2018 மார்ச்சில் எல்லாப் பாத்திரங்களும் திறந்துவிடப்பட்டன. இந்தக் கடைசி மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விற்பனை நின்றதும் பூட்டுக்கு அவசியம் இல்லாமல் போனது. பூட்டு ஆட்டத்துக்காக வைக்கப்பட்டதாக இருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும்.

நாடுகள் இதை வேறு வேறு விதமாகக் கையாண்டன. சின்னப் பொருட்களை அதிர்ஷ்டக் குலுக்கலில் முழு செட்டாகச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற ‘கொம்பு கச்சா’ முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று ஜப்பானின் நுகர்வோர் அமைப்பு 2012 மே மாதத்திலேயே அறிவித்தது. எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017 மே 1 முதல் வந்தது. காசுக்கு விற்கும் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018 ஏப்ரலில் முடிவு செய்தது. நெதர்லாந்திலோ ஈஏ மீது விதித்த அபராதம் 2022-இல் உயர் தீர்ப்பாயத்தில் ரத்தானது. ஒரே பெட்டி, எல்லைக்கு இந்தப் பக்கம் சூதாட்டம், அந்தப் பக்கம் விளையாட்டு.

## பட்டன் வைக்கும் இடம்

பணம் பறிக்கப் பூட்டுகூடத் தேவையில்லை, பட்டனை வைக்கும் இடமே போதும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ தயாரிப்பாளரான எபிக் கேம்ஸ் மீது சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று இது: ஒரே ஒரு பட்டனைத் தட்டினாலே கட்டணம் விழுந்தது. தூக்க நிலையிலிருந்த கேமை எழுப்பும்போதும், லோடிங் திரையிலும், ஒரு பொருளைச் சும்மா முன்னோட்டம் பார்க்கப் போய்ப் பக்கத்துப் பட்டனைத் தொட்டாலும் பணம் போனது. எபிக் மொத்தம் 52 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. அதில் 24.5 கோடி, இப்படிப் பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தர.

இந்தவகைத் தந்திரங்களை ‘டார்க் பேட்டர்ன்’ என்கிறார்கள்: நாம் எடுக்க விரும்பாத முடிவை நம்மை எடுக்க வைக்கும் திரை அமைப்பு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இதற்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டு 13 வகைகளைப் பட்டியலிட்டது. பொய்யான அவசரம் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்குவது, விடாமல் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் பொருளோ சேவையோ முறையாக வழங்கும் எல்லாத் தளங்களுக்கும் அவை பொருந்தும். மொபைல் கேமில் “இன்னும் 10 நிமிடம் மட்டுமே” என்று ஓடும் கடிகாரம், பூஜ்ஜியத்தைத் தொட்டதும் மறுபடி முதலிலிருந்து ஓடினால், அந்தப் பட்டியலில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

## சர்வர் அணைந்த பிறகு

கடைசி வகை எரிச்சல் ஆட்டத்தையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தனியாக ஆடும் கேமுக்கும் எப்போதும் இணையம் வேண்டும் என்ற நிபந்தனைதான் அது.

2013 மார்ச்சில் நகரம் கட்டி ஆளும் கேமான ‘சிம்சிட்டி’ வெளியானபோது சர்வர்கள் நெரிசலில் முடங்கின. காசு கொடுத்தவர்கள் தங்கள் நகரத்துக்குள் நுழைய வரிசையில் நின்றார்கள். சுமையைக் குறைக்க, ஆட்டத்தின் அதிவேக ஓட்டத்தையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். கணக்குகளில் கணிசமான பகுதி சர்வரில் நடப்பதால் இணையம் இல்லாமல் முடியாது என்றது நிறுவனம். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், இணையம் இல்லாமல் ஆடும் வசதியை அவர்களே கொடுத்தார்கள்.

அங்கே கொடுத்தார்கள். யுபிசாஃப்ட்டின் ‘தி க்ரூ’ கேமுக்கு அதுவும் நடக்கவில்லை. 2014-இல் வந்த கார் பந்தய கேம், தனியாக ஆடக்கூடிய கதையும் உண்டு. 2024 மார்ச் 31 அன்று சர்வர் அணைந்ததும் டிஸ்க்கை வைத்திருப்பவர்களால்கூட எதையும் ஆட முடியவில்லை. அதன் விளைவாக எழுந்ததுதான் இப்போது செய்திகளில் அடிபடும் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சியாக, அதாவது சட்டம் கேட்டு ஐரோப்பிய ஒன்றியத்திடம் மக்கள் கொடுக்கும் மனுவாக, அது திரட்டிய கையெழுத்துகள் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டின. சர்வரைக் காலமெல்லாம் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கோரிக்கை அது இல்லை. ஆதரவை நிறுத்தும்போது, வாங்கியவர் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுச் செல்லுங்கள் என்பதுதான். அது முடியாத காரியமும் இல்லை: இதே வரிசையின் அடுத்த இரண்டு கேம்களுக்கு இணையமில்லா வசதி தருவதாக யுபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. நாம் பெறுவது பறிக்கப்படக்கூடிய உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் பொருளுக்குப் பக்கத்தில் ‘வாங்கு’ என்று கடைகள் போட முடியாது. அந்தச் சட்டம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் கடைப் பக்கத்தில் கீழேவரை போய், “இணைய இணைப்பு தேவை” என்ற வரி பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்கு மட்டுமா, தனியாக ஆடும் கதைக்குமா என்று பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.